மண்ணைப் பழிக்கும் உழவர்

ஏனாத்தூர்! கோயிலாலும் பட்டாலும் பெயர் பெற்ற காஞ்சிபுரத்தை அடுத்திருக்கும் சிற்றூர். 1993ஆம் ஆண்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற பெரிய கல்விக்கூடம் ஒன்று அங்கே நிமிர்ந்து நிற்கிறது. அங்கிருந்து புறப்பட்டால் சிறிது நேரத்தில் காஞ்சி நகரின் நெசவாளர் தெருக்கள். ஒருபுறம் பட்டம் வழங்கும் இடம். மறுபுறம் பட்டு வழங்கும் இடம். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு சாலையில் குறைவுதான். வாழ்க்கையிலே எவ்வளவு என்பதை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

அந்த ஊர்த் தேநீர்க் கடையில் நண்பர்கள் சிலர் பேசிக் கொண்டிருந்தோம். பேச்சு, பிள்ளைகளின் படிப்பைப் பற்றித் திரும்பிற்று. கல்வி வளர்வது ஆசிரியர் உழைப்பாலா, மாணவர் ஊக்கத்தாலா என்று வழக்கெழுந்தது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். நன்னூலைத் தலைகீழாக ஒப்பிக்க வல்லவர். "மாணாக்கன் நல்லவனாக வாய்த்தால் பாடம் தானே ஏறும். தூங்குகிறவனுக்குப் பாடம் சொல்லாதே என்று பவணந்தியார் அன்றைக்கே எழுதி வைத்துவிட்டார்" என்றார்.

பக்கத்தில் அமர்ந்திருந்த முதிய நெசவாளி ஒருவர் மெல்லக் கேட்டார்: "வாத்தியாரையா, அந்தப் பையன் ஏன் தூங்குகிறான் என்றும் அதிலே எழுதியிருக்கிறதா? நானும் வகுப்பிலே தூங்கினவன்தான். விடியற்காலையில் தறியிலே அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, கரைக்கு நாடா தள்ளிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவன்."

தமிழாசிரியர் விடை கூறவில்லை. எங்களில் எவருக்கும் விடை எழவில்லை. அந்த ஒரு கேள்வியோடு அந்தப் பழைய நூலை மீண்டும் எடுத்துப் படித்தேன். படித்ததைத் தோழர்கள் முன் வைக்கிறேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே சமண முனிவர் பவணந்தியார் யாத்த இலக்கண நூல் நன்னூல். அதன் முகப்பிலே பொதுப்பாயிரம் என்றொரு பகுதி. ஆசிரியர் யார், மாணாக்கர் யார், பாடம் சொல்வது எப்படி, கேட்பது எப்படி என்று வகுத்துரைக்கும் பகுதி அது. கற்பித்தல் பற்றித் தமிழிலே அவ்வளவு திட்டமாகப் பேசும் பழைய எழுத்து வேறு அதிகம் இல்லை. பல தலைமுறை மாணவர் அதனை உருப்போட்டனர். இன்றும் பள்ளி ஆண்டு விழாக்களில் அதன் உவமைகள் ஒலிபெருக்கியில் முழங்குகின்றன.

நூலின் சிறப்பை முதலில் சொல்லிவிடுவோம். பழமை என்பதற்காகவே போற்றுவது மடமை. பழமை என்பதற்காகவே தூற்றுவதும் அறிவுடைமை ஆகாது. மாணாக்கனை மட்டும் கூண்டில் நிறுத்தவில்லை பவணந்தியார், ஆசிரியரையும் நிறுத்தினார். ஆசிரியராகத் தகாதவர்க்கு நான்கு உவமை கூறினார். ஒன்று, கழற்சிக்காய் இட்ட குடம்: போட்ட வரிசைக்கும் கொட்டுகிற வரிசைக்கும் தொடர்பே இராது. மற்றொன்று, மட்டை நிறைந்த பனை: தானாக விழுந்தால்தான் பழம், ஏறிப் பறிக்க இடந்தராது. மூன்றாவது, பருத்தி அடைத்த குண்டிகை: திணிப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. நான்காவது, முடத்தெங்கு: நீர் ஊற்றியவன் ஒருவன், காய் விழுவது அடுத்தவன் தோட்டத்தில்!

என்ன கூர்மை! பாடநூலை மூடிவைத்து விடைநூலைத் திறந்து, தேர்வுக்கு வரும் கேள்விகளை மட்டும் கொட்டிவிட்டுப் போகிறாரே, அவர் கழற்குடம். ஐயம் கேட்ட பிள்ளையை முறைத்து உட்கார வைக்கிறாரே, அவர் மடற்பனை. ஊரார் வரிப்பணத்தில் சம்பளம் பெற்றுக்கொண்டு, தம் முழுத் திறமையையும் மாலைநேரத் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டுவோர்க்கே சேமித்து வைக்கிறாரே, அவர் முடத்தெங்கு. எழுநூறு ஆண்டுகள் கடந்தும் இந்த உவமைகள் வேலையின்றி ஓய்வெடுக்கவில்லை!

ஆயினும் தோழர்களே, அதே பாயிரத்திலே நாம் விழுங்க முடியாத பகுதியும் உண்டு. நல்லாசிரியரின் இலக்கணத்தை எண்ணத் தொடங்குகிற நூல், முதல் தகுதியாக எதை வைக்கிறது? குலத்தை! மூன்றாவதாகத் தெய்வ வழிபாட்டை! கற்ற கலையிலே தெளிவு என்பது அவற்றுக்குப் பின்னேதான் வந்து சேருகிறது. பிறப்பு முன்னே நடக்க, அறிவு பின்னே வருகிற ஊர்வலம்!

யாருக்குக் கற்பிக்கலாம் என்ற பட்டியலோ இன்னும் வெளிப்படை. தன் மகன், தன் ஆசானின் மகன், மன்னன் மகன், மிகுதியாகப் பொருள் தருவோன், வழிபட்டு நிற்போன், சொன்னதைச் சொன்னவாறே கொள்ள வல்லோன். ஆறு வாயில்கள். தறிக்காரர் மகன் எந்த வாயிலில் நுழைவான்? முதல் மூன்றும் பிறப்பால் அடைபட்டன. நான்காவது பணத்தால் அடைபட்டது. ஒன்று, அவன் பணிந்து நிற்க வேண்டும். இன்றேல், கற்பிக்கும் முன்பே வல்லவனாய் இருக்க வேண்டும். பெற்றவர்க்குப் பிறப்பே நுழைவுச் சீட்டு. அற்றவர்க்கு மட்டும் தேர்வு!

"அது அக்கால வழக்கம், அவரைக் குறை கூறலாமா?" என்பர் சிலர். அவர்க்கு அக்காலத்துக்கும் முற்பட்ட தமிழிலிருந்தே விடை தரலாம். புறநானூற்றின் 183ஆம் பாட்டைப் பாடியவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னன். பிறப்பால் கீழ் என்று வைக்கப்பட்ட ஒருவன் கற்றுவிட்டால், மேல் என்று வைக்கப்பட்டவனும் அவனிடம் சென்று பணிவான் என்று சொல்லத் துணிந்தான் அவன். பிரிவுகள் இல்லை என்று அவனும் சொல்லவில்லை. கல்வி அவற்றை உடைக்கும் என்பதைக் கண்டு சொன்னான். அரியணையில் இருந்தவன் கண்டதை, பலகைமுன் இருந்தவர்கள் ஏன் காணவில்லை?

இனி, தேநீர்க் கடையில் எழுந்த கேள்விக்கு வருவோம். யாருக்குப் பாடம் சொல்லலாகாது என்றொரு பட்டியலும் தருகிறது நன்னூல். கள் உண்டு களித்தவன், கள்வன், செருக்குடையவன் என்று தொடங்கியவர்களோடு ஒரே வரிசையில் நோயாளியும், மந்த புத்தியுடையவனும், தூங்குகிறவனும் நிறுத்தப்படுகிறார்கள். அப்பட்டியலில் ஏழை என்ற சொல்லும் உண்டு. பழைய வழக்கில் அதற்கு அறியாமை உடையவன் என்பது பொருள். காசில்லாதவன் என்று திரித்து நூலாசிரியரைச் சாடுவது நேர்மையாகாது. அந்த வேலை நமக்கு வேண்டாம். அறியாமை உடையவன் என்ற பொருளிலேயே கேட்போம்: அறியாதவனுக்குச் சொல்லக்கூடாது என்றால், பிறகு பள்ளிக்கூடம் யாருக்காக? நோயாளியை உள்ளே விடாத மருத்துவமனை உண்டா? பழைய நூலுக்கு அஞ்சித் தடுமாறுகிறவனுக்கும் பாடம் இல்லை என்கிறது அதே பட்டியல். நல்லது! அஞ்சாமலே கேட்கிறோம்!

தூங்குகிறவன் ஏன் தூங்குகிறான்? காஞ்சிப் பட்டின் பெருமையே விடை சொல்லும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்து, இரண்டையும் பிரிக்க முடியாதபடி பிணைக்கும் வேலைக்குக் கோர்வை என்று பெயர். அதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளியின் இரண்டு கைகள் போதா. மறுகரையில் நாடாவை வாங்கித் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள், நெடுங்காலமாக, பெரும்பாலும் ஒரு சிறுவன் அல்லது சிறுமி. தன் வீட்டுத் தறியில் அமர்ந்த பிள்ளைகள் உண்டு. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அடுத்தவர் தறியில் அமர்ந்த பிள்ளைகளும் உண்டு. கடன் தீரும்வரை கை ஓய முடியாது. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட, இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார் பற்றிய அறிக்கை, காஞ்சிபுரத்தையும் பெயர் சொல்லிக் காட்டிற்று. மணமகள் கூந்தலில் மல்லிகை, உடலில் காஞ்சிப் பட்டு. அந்தப் பட்டின் கரையிலே ஒரு குழந்தையின் காலைத் தூக்கம்! அவன் வகுப்பில் கண்ணயர்ந்தால், "துயில்வோன்" என்று தள்ளிவிடச் சொல்கிறது ஏடு.

ஏட்டோடு போகவில்லை அந்த எண்ணம், அரசாணையாகவும் வந்தது. 1953ஆம் ஆண்டில், இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராக இருந்தபோது, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு, எஞ்சிய பொழுது பெற்றோர் தொழிலைப் பழகுவது என்ற திட்டம் புகுந்தது. நாடு அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டியது. பள்ளிகள் போதாமல் இருந்தன, ஒரே கட்டடத்தில் இரு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்று காரணம் கூறினார்கள். காரணம் எதுவாயினும், விளைவு என்ன? வக்கீல் வீட்டுப் பிள்ளை எஞ்சிய பொழுதில் புத்தகம் புரட்டுவான். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை நாடா தள்ளுவான். எதிர்ப்புப் புயல் எழுந்தது. 1954இல் காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது.

கதை முடிந்தது என்று இருந்துவிட முடியவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016ஆம் ஆண்டு செய்த திருத்தம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கத் தடை விதித்துவிட்டு, ஒரு சிறு சன்னலைத் திறந்து வைத்தது: பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று! ஆபத்தான தொழிலுக்கு அந்த விலக்கு இல்லை என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் தறியில் உதவி எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது என்று அளந்து பார்ப்பவர் யார்? காஞ்சியில் இன்று நெசவாளரே தம் பிள்ளைகளைத் தறியில் அமர்த்த விரும்பாத காலம் வந்திருக்கிறது. முன்னிருந்த கொடுமை பெரிதும் குறைந்திருக்கிறது. அது சட்டத்தின் சன்னலால் வந்த நன்மை அன்று. படித்தால் மீளலாம் என்று அந்த மக்களே கண்ட உண்மையால் வந்தது.

ஆகவே, ஊக்கம் என்பது என்ன? சிலர் கொண்டு பிறப்பது, சிலர்க்கு வாய்க்காதது என்று நினைப்பதுதான் பழைய பாட்டின் வேர். மாணாக்கரில் தலையானவர் அன்னமும் பசுவும் போன்றவர். இடையானவர் மண்ணும் கிளியும். கடையானவர் ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று அடுக்குகிறது நன்னூல். அன்னம் அன்னமாகவே பிறக்கிறது. எருமை எருமையாகவே சாகிறது. தலைவிதிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆனால் அந்த வரிசையின் நடுவே ஓர் உவமை, மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கிறது. மண்! உழுதவன் பட்ட பாட்டின் அளவுக்கு விளைவைக் காட்டுவது மண்ணின் இயல்பு. ஆசிரியன் பட்ட பாட்டின் அளவுக்கு அறிவைக் காட்டுபவன் மண் போன்ற மாணாக்கன் என்று உரைகாரர் விளக்குவர். நல்லாசிரியருக்கும் நிலத்தையே உவமையாக்கி, உழைப்புக்கும் பருவத்துக்கும் ஏற்பப் பயன் தருவது என்றே கூறியிருக்கிறது நூல். இங்கே விதி இல்லை, உழைப்பு இருக்கிறது. பிறப்பு இல்லை, பருவம் இருக்கிறது. இத்தகைய மாணாக்கனை ஏன் இடையில் வைத்தார் பவணந்தியார்? நான் சொல்வேன், அன்னமும் இல்லை, எருமையும் இல்லை. வகுப்பில் அமர்ந்திருக்கும் நாற்பது பேரும் மண்ணே! "உன் மண்டையில் இருப்பது களிமண்ணா?" என்று அதட்டுகிற ஆசிரியர், தம்மை அறியாமலே உண்மை பேசுகிறார். களிமண்ணில்தான் ஐயா, நெல் விளைகிறது!

இது வெறும் ஆசையா? சான்று உண்டு. கர்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசச் சிற்றூர் மாணவர்களிடம் புதிர்வழிப் படங்களைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள்; ஆய்வு 2004இல் வெளிவந்தது. சாதியை அறிவிக்காதபோது, மேல்சாதி, கீழ்சாதி எனப்பட்ட பிள்ளைகளின் திறமையில் வேறுபாடு தென்படவில்லை. ஒவ்வொருவர் பெயரோடும் சாதியை எல்லோர் முன்னும் உரக்கச் சொன்னபோது, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் திறமை சரிந்தது. அதே மூளை, அதே புதிர்! இடையில் புகுந்தது ஒரு சொல். "நமக்கு இது நியாயமாகக் கிடைக்காது" என்ற எண்ணம் வந்ததும் கை தளர்ந்தது. ஊக்கமில்லாதவன் என்று பட்டம் சூட்டுமுன், அந்த ஊக்கத்தைக் கொன்றது எவர் வாய் என்று கேட்க வேண்டாமா?

மண்ணுக்கு நீரும் வேண்டும். 1920இல் நீதிக்கட்சியின் தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவிட்டது. 1956இல் காமராசர் மதிய உணவைத் தந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கினார். 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அண்ணா பிறந்த நாளில், காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. ஒரு நூற்றாண்டு காலமாக இந்த மண் கற்றுக்கொண்ட பாடம் இது: பசித்தவனுக்கு ஊக்கம் பற்றிச் சொற்பொழிவு ஆற்றாதே, முதலில் சோறு போடு! அந்த அண்ணாவும் காஞ்சியின் பிள்ளைதானே! குடும்ப நிலையால் பள்ளிப் படிப்பின் நடுவே நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தவர், மீண்டும் வகுப்புக்குத் திரும்பி, முதுகலைப் பட்டம் வரை சென்றார். திரும்ப முடியாமல் போன காஞ்சிப் பிள்ளைகளைப் பற்றி எந்த நூலும் எழுதப்படவில்லை.

சோறு போட்டாயிற்று, கட்டடம் கட்டியாயிற்று. உழவன் வயலுக்கு வராவிட்டால்? இராசத்தான் மாநிலம் உதயப்பூர் வட்டாரத்தில், ஓராசிரியர் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. நாள்தோறும் பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் பிள்ளைகளோடு ஆசிரியர் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்; வந்த நாளுக்கேற்பச் சம்பளம். ஆசிரியர் வராத நாட்கள் நூற்றுக்கு 42 என்றிருந்தது 21 ஆகக் குறைந்தது. பிள்ளைகளின் மதிப்பெண்ணும் உயர்ந்தது. அதே பிள்ளைகள்தாம், அதே குடிசைகளிலிருந்து வந்தவர்கள்தாம்! ஆசிரியர் வகுப்பில் இருந்ததே மாற்றம். ஆயினும் படக்கருவி ஆசிரியரின் உடலைத்தான் வகுப்புக்குக் கொண்டுவரும், உள்ளத்தைக் கொண்டுவராது. மழை பொய்த்த காலத்திலும் வளம் தரும் மலை என்று நல்லாசிரியரைச் சொன்னாரே பவணந்தியார், அதற்கு எந்தக் கருவியும் இல்லை. வீட்டிலே புத்தகமில்லாத, விளக்கில்லாத, கேட்டுச் சொல்ல ஆளில்லாத பிள்ளைக்கு வறட்சிக் காலம் ஆண்டு முழுதும். அவனுக்கு வளம் தருபவரே ஆசிரியர். வளமுள்ள வயலில் அறுவடை செய்பவர் கூலிக்காரர்!

ஆசிரியரை மட்டுமே அடித்துவிட்டு ஒதுங்குவதும் முறையன்று. ஒருவரே பல வகுப்புகளை மேய்க்கும் பள்ளிகள் உண்டு. கணக்கெடுப்பு, பதிவேடு, தேர்தல் பணி என்று கலப்பையைப் பிடுங்கிக்கொண்டு உழவனை வேறு வேலைக்கு அனுப்பும் ஆட்சிமுறையும் உண்டு. அதையும் கேட்போம், அஞ்சாமல்.

மாணவத் தோழர்களே, உங்களிடமும் ஒரு சொல். மண்ணாகக் கிடந்தால் மட்டும் போதாது. நன்னூலின் மிகச் சிறந்த பகுதி, விழா மேடைகளில் அதிகம் ஒலிக்காத பகுதி, இதுதான்: ஆசிரியர் சொன்னதை முழுதும் கேட்டுக்கொண்டாலும் கிடைப்பது கால்பங்கு அறிவே. உடன் கற்பவரோடு உரையாடிப் பழகினால் இன்னொரு கால்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு? பிறர்க்கு எடுத்துச் சொல்லும்போதே வந்து சேரும்! ஆசிரியருக்குக் காற்பங்கு என்றதால் அவர் பொறுப்பு சிறுத்துவிடவில்லை. அந்தக் காற்பங்கு விதை. விதையில்லாத வயலில் எவ்வளவு நீர் பாய்ச்சினாலும் புல்தான் முளைக்கும். ஆனால் அரைப்பங்கு உங்கள் கையில் இருக்கிறது என்பதை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

அதற்கும் அண்மைச் சான்று உண்டு. கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தது ஓர் ஆய்வு. கற்றலில் பெரிய இழப்பு நேர்ந்திருந்தது. பள்ளி திறந்து ஆறு மாதத்திற்குள், இழந்ததில் மூன்றில் இரு பங்கை அப்பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள்! அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் பயன் என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். மாலையில் தெருவில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொன்ன தன்னார்வலர்களால் வந்த பயன் அது. படிப்பு ஏறாத பிள்ளைகள் என்றால் எப்படி ஏறிற்று?

ஆகவே ஏனாத்தூரின் கல்லூரி இளைஞரும் காஞ்சியின் பட்டதாரித் தோழரும் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. வாரத்தில் இரண்டு மாலை, நெசவாளர் தெருவின் ஒரு திண்ணையில் அமருங்கள். பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கால்பங்கு; உங்களுக்கு அரைப்பங்கு! அங்கே ஒரு பிள்ளை கண்ணயர்ந்தால் தட்டி எழுப்பாதீர்கள், திட்டாதீர்கள். நேற்றிரவு எப்போது படுத்தாய், இன்று என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். அந்த விடையை அவன் பள்ளி ஆசிரியரிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.

தேநீர்க் கடையில் அந்த முதியவர் கேட்ட கேள்விக்கு நன்னூலில் விடை இல்லை. எழுநூறு ஆண்டுகளாகத் தமிழறிந்தோர் அதை ஒப்பித்தார்கள்; அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு நெசவாளி வேண்டியிருந்தது. தறியிலிருந்து எழுந்து வந்தவனுக்கே தெரிகிறது, துயில்வோன் யார் என்பது. அவன் சோம்பேறி அல்லன். நமக்கு முன்பே விழித்தவன்!